முப்பதாம் நம்பர் எச்சில்

செங்கொடிக்கு முப்பது பிள்ளைகளின் வாயைத் தெரியும். ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடத் தெரியாது.

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஆய்வகத்தில் அவள் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளின் எச்சில் என்ன ஆகிறது, அதில் குடியிருக்கும் கிருமிகள் பெருகுகின்றனவா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கம்பி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எச்சில் எடுப்பார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஐந்து நிமிடம், தானாக ஊறுவதை மட்டும் ஒரு குழாயில் வடிய விட வேண்டும். கீழே புறநோயாளிப் பிரிவில் நர்ஸ் ஜெனி அதை வாங்கி மேலே அனுப்புவாள். குழாயின் மேல் பெயர் இருக்காது. ஒரு நம்பர், வயது, வீட்டு பின்கோடு, அவ்வளவுதான். ஆள் யாரென்று தெரிந்தால் எண்ணுகிறவள் மனசு சாய்ந்துவிடும் என்று அப்படி ஒரு விதி. ஆள் தெரியாமலே மனசு சாயும் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

புதிதாகக் கம்பி ஏறினால் வாய் அதை ஏதோ தின்பண்டம் என்று நினைத்துக்கொண்டு முதலில் கொஞ்சம் கூடவே சுரக்கும். கம்பியின் இடுக்கில் சோற்றுப் பருக்கை தங்கும். கிருமிகளுக்கு அது கல்யாணச் சாப்பாடு. அவை தின்றுவிட்டுப் புளிப்பைக் கக்கும், புளிப்பு பல்லை அரிக்கும், எச்சில் வந்து கழுவிவிடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் மாதம் முப்பது பேரும் கதையில் சொன்னபடியே ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

மூன்றாவது மாதத்தில்தான் கூத்து ஆரம்பித்தது. பத்துக் குழாய்களில் எச்சில் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு மில்லி வந்த இடத்தில் ஒன்று, அதுவும் நுரையாக. கண்ணாடித் தட்டில் தடவி வைத்தால் மறுநாளைக்கு மறுநாள் நீலப் புள்ளிகள் தட்டுக் கொள்ளாமல் முளைத்திருந்தன. செங்கொடி பின்கோடுகளைப் பார்த்தாள். பத்தும் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை. அண்ணா நகர்ப் பிள்ளைகளுக்கும் பெரம்பூர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் விடை என்னவென்று அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தூசி! துறைமுகத்துத் தூசி, லாரிப் புகை, அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல், மணலிக் காற்று! வியாசர்பாடியில் பிறந்து, வாயில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் அவள். அவளுடைய அப்பா லட்சுமணன் மணலியில் ஒரு ரசாயனக் கம்பெனி வாசலில் இருபத்திரண்டு வருடம் வாட்ச்மேனாக நின்று இருமிக்கொண்டிருந்தவர். இந்தக் காற்றுதான் நம் பிள்ளைகளின் வாயைக் காய வைக்கிறது என்று இதுவரை யாரும் எண்ணிக் காட்டவில்லை. அவள் எண்ணிவிட்டாள்.

அந்தப் பகுதியிலிருந்து இன்னும் மூன்று குழாய்கள் வந்திருந்தன, அவற்றில் எச்சில் குறையவில்லை என்பது உண்மைதான். அந்த வீடுகள் கடலோரமாக இருக்கும், கடல்காற்று தூசியைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று செங்கொடி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் படித்தவர்களுக்குச் சமாதானம் தேட ரொம்ப நேரம் ஆகாது.

வீட்டில் சொன்னபோது லட்சுமணன் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னாம்மா சொல்ற? தூசியாலதான்னு எழுதியே குடுக்கப் போறியா?"

"ஆமா நைனா. டெல்லியில மாநாடு கீது. அங்க போய்ப் பேசப் போறேன்."

அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் குடியிருப்பு பிளாக்கு முழுக்கச் செய்தி போய்விட்டது. பால் வாங்க இறங்கினால் "டெல்லி எப்ப?" என்றார்கள். தண்ணீர் லாரி வரிசையில் நின்றிருந்த பெண்கள் அவளுக்கு முன்னால் இடம் விட்டார்கள்.

வழிகாட்டிப் பேராசிரியர் அருள்பிரகாசம் மட்டும் துள்ளவில்லை. "பத்து நல்ல எண்தான். ஆனா உன்னோட முப்பதாம் நம்பர் இன்னும் வரலையே. அதுவும் தண்டையார்பேட்டை. அதுவும் இப்படியே குறைஞ்சா நானே கையெழுத்துப் போட்டு டெல்லிக்கு அனுப்பறேன்" என்றார். டெல்லிக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் வியாழக்கிழமை மாலை ஐந்து மணி.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஜெனி ஃபோன் செய்தாள்.

"முப்பதாம் நம்பர் இன்னிக்கும் வராதாம். மத்தியானம் பரீட்சையாம். மூணு மாசக் கணக்குல இன்னிக்குத்தான் கடைசித் தேதி. விட்டா போச்சு."

"வீட்டுக்குப் போய் எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம், விதியில இருக்கு. ஒம்பதுலேர்ந்து பதினொண்ணுக்குள்ள எடுக்கணும். என்னால நகர முடியாது, கீழ நாப்பது பேர் நிக்கறாங்க."

"அட்ரஸ் அனுப்பு, நான் போறேன்."

ஐஸ் பெட்டியை ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு செங்கொடி கிளம்பினாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றிருந்தன. ஓட்டுநர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இன்றைக்கு அந்தப் புழுதி கண்ணில் விழ விழ அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டினியா, மாட்டினியா என்று அதைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டு லாரிகளுக்கு நடுவே வண்டியைச் சொருகினாள்.

தண்டையார்பேட்டையில் ஒரு சந்து. மாடியில் வீடு. கதவைத் திறந்தது ஜீனத், முப்பதாம் நம்பரின் அம்மா. கையில் பாதி மடித்த துணியோடு நின்றார்.

"வாங்க டாக்டரம்மா. வூடு தேடி வரவெச்சிட்டோம், மன்னிச்சுக்கோங்க. டீ போடட்டா?"

"நான் டாக்டர் இல்லக்கா, லேப்ல கீறேன். டீ எல்லாம் வாணாம். பாப்பா எங்க?"

உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பன்னிரண்டு வயசு இருக்கும். வந்தவள் இவர்களைத் தாண்டிப் போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டுத் திரும்பி, வாய் நிறையக் கம்பியோடு சிரித்தாள். அவள்தான் உமைமா. செங்கொடி ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். மூன்று மாதமாக அவள் எண்ணிக்கொண்டிருந்த வாய்களில் முதல் தடவையாக ஒன்றுக்கு முகம் கிடைத்திருக்கிறது. மூக்கில் ஒரு மச்சம்கூட இருந்தது.

"ரெண்டு மணி நேரமா எதுவும் சாப்பிடலல்ல? தண்ணி குடிக்கலல்ல?" என்று படிவத்தில் உள்ளபடி கேட்டாள்.

"இல்லக்கா."

டிக் அடித்தாயிற்று. உமைமா நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். அவளுக்கு எல்லாம் அத்துப்படி. குழாயை உதட்டில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். செங்கொடி ஃபோனில் ஐந்து நிமிடம் வைத்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நூல் மாதிரி ஏதோ இறங்கியது. மூன்றாவது நிமிடத்தில் கொஞ்சம் நுரை. மணி அடித்ததும் குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

ஒரு மில்லிக்கும் கீழே! போன தடவை இதே பெண்ணுக்கு இரண்டரை!

"யப்பா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். ஜீனத் பதறிப்போய், "இன்னா, இன்னாச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்லக்கா, நல்லா கீது, ரொம்ப நல்லா கீது." பதினொன்று! பதினொன்றுக்குப் பதினொன்று! சாயந்திரம் ஐந்து மணி என்ன, மத்தியானமே அனுப்பிவிடலாம். அப்பா முகத்தை நினைத்தபோது அந்தக் குழாய்க்கே முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

உமைமாதான் முகத்தைச் சுருக்கினாள். "கம்மியா கீதுல்லக்கா? சாரி. காலையிலேந்து துப்பிகினே கீறேன், அதான் ஸ்டாக் இல்ல."

"ஏன் துப்புற? கம்பி குத்துதா?"

"அய்ய, நோன்புக்கா. இன்னிக்குப் பதினேழு. ஒண்ணுகூட வுடல. எச்சில முழுங்கினா நோன்பு பூடும்ல, அதான்."

செங்கொடி குழாயை இறக்கினாள். "கடைசியா எப்ப தண்ணி குடிச்ச?"

"சஹர் சாப்பாட்டுல. விடியக்காலம் நாலரைக்கு."

"நான் ரெண்டு மணி நேரம்னுதானே கேட்டேன்?"

"ரெண்டு மணி நேரமா குடிக்கல, கரெக்ட்டுதானே? நீங்க அஞ்சு மணி நேரம் ஆச்சான்னு கேக்கலையே" என்றாள் உமைமா நியாயமாக. "ஜெனி அக்கா கேட்டப்பவும் நாங்க அதான் சொன்னோம்."

"நாங்கன்னா?"

"நாங்க எல்லாரும். எங்க ஸ்கூல்ல கேம்ப் போட்டுத்தானே செலக்ட் பண்ணாங்க? ஒரே வாரத்துல எல்லாருக்கும் கம்பி. சுஃபியான், லுப்னா, எதுத்த வூட்டு ஒவைஸு..." விரல் விட்டு எண்ணினாள். இவளோடு சேர்த்துப் பதினொரு விரல் ஆயிற்று. "எல்லாருக்கும் நோன்பு. யாரு ஜாஸ்தி துப்பறாங்கன்னு எங்களுக்குள்ள போட்டியே கீது. சாராவுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் மட்டும் நோன்பு இல்ல."

அந்த மூன்று பேர். கடல்காற்று காப்பாற்றியதாக அவள் முடிவு கட்டிய மூன்று பேர்.

"சாரா வூடு எங்க?" என்று செங்கொடி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"கீழ் வூடுதான். வரும்போது பார்த்திருப்பீங்களே, பச்சைக் கதவு."

செங்கொடிக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. ஜெனி மேல் வந்தது, படிவத்தின் மேல் வந்தது, கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. ஊரெல்லாம் நோன்புக் கஞ்சி வாசனை அடிக்கிற மாதம். வியாசர்பாடியிலிருந்து கல்லூரிக்குப் போகிற வழியில் எத்தனை பள்ளிவாசல்! தினமும் அவற்றைத் தாண்டிப் போய், ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு, எச்சில் ஏன் குறைந்தது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பின்கோடு மட்டும் தெரிந்தவளுக்கு நாள்காட்டி தெரியவில்லை.

குழாய் கையில்தான் இருந்தது. மூடி போட்டு ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு போனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. படிவத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்தான் எழுதியிருக்கிறது. இந்த எண்ணம் வந்ததை அவள் மறைக்க மாட்டாள். வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது.

அதற்குள் உமைமா மறுபடியும் வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பினாள்.

"முழுங்குனா போவாதுடின்னு எத்தனை தபா சொல்றது?" என்று ஜீனத் அலுத்துக்கொண்டார். "நான் சொன்னா நம்ப மாட்டா டாக்டரம்மா."

"எப்படி நம்புறது? போன வருஷம் மத்தியானம் வரைக்கும் இருந்தா அரை நோன்புன்னு சொன்ன. ரெண்டு அரை சேந்தா ஒண்ணுன்னு சொன்ன. கடைசியில அப்படி ஒண்ணே கெடையாது!"

"பசி தாங்க மாட்டியேன்னு சொன்னேன்டி."

"அப்ப இப்பவும் அப்படித்தான் சொல்லுவ."

ஜீனத் செங்கொடியைப் பார்த்தார். என்னைக் கேட்காதீர்கள் என்பதுபோலச் செங்கொடி தலையை ஆட்டிவிட்டாள். இது அவள் சொல்லித் தீர்க்கிற விஷயம் இல்லை. ஜீனத் வேறு வழியில்லாமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சலாம் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு கேட்டது.

"வாயில தானா ஊறுற எச்சிலை முழுங்கினா நோன்பு முறியாதும்மா. துப்பச் சொல்லி எவன் சொன்னான்? நம்ம தெருவே நாறுதுன்னு நானும் பார்த்துக்கினுதான் இருக்கேன்."

உமைமா வாயைத் திறந்தபடி நின்றாள். இந்தப் பெண் அழப்போகிறாள் என்று செங்கொடி நினைத்தாள். பதினேழு நாள்! விடிந்ததிலிருந்து சாயந்திர மக்ரிப் பாங்கு வரைக்கும், வகுப்பில் ஜன்னலோரம் இடம் பிடித்து, வாத்தியாரிடம் திட்டு வாங்கித் துப்பியது எல்லாம் வீண்.

"அய்யய்யோ, அப்ப பதினேழு நாளா சும்மாவா துப்பினேன்!" என்று உமைமா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, எல்லோரும் பார்க்க, மடக்கென்று ஒரு வாய் விழுங்கினாள். விழுங்கிய கையோடு பால்கனிக்கு ஓடினாள்.

"டேய் ஒவைஸு! துப்பாதடா! முழுங்கலாமாம்!"

எதிர் மாடியில் ஒரு தலை தெரிந்தது. "யாரு சொன்னா?"

"ஹஜ்ரத்து!"

"நெஜமாவா? போடி, ரெண்டு வாரமா தொண்டை காஞ்சு செத்துகினு கீறேன்!"

சந்தில் ஒன்று மாற்றி ஒன்று ஜன்னல் திறந்தது. துப்பாதே, துப்பாதே என்று செய்தி தெருமுனை வரை போயிற்று. செங்கொடி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு நாள் நம்பியதை ஒரு நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிட்டாள், வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. கூடவே ஊரைக் கூட்டிச் சொல்கிறாள். எனக்கு மட்டும் என்ன கேடு என்று செங்கொடிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மாடிப்படியில் இறங்கி நின்று அருள்பிரகாசத்துக்கு ஃபோன் செய்தாள்.

"சார், குறைஞ்சிருக்கு."

"சபாஷ்!"

"சபாஷ் சொல்லாதீங்க சார். பதினொரு பேரும் நோன்பு. தண்ணியே குடிக்காம வந்திருக்காங்க. நாள் பூரா துப்பிக்கிட்டு வேற இருந்திருக்காங்க. தூசின்னு நான் சொன்னது தப்பு."

"தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"சார்?"

"நோன்புதான் காரணம்னு இப்ப சொல்றே. நேத்து தூசிதான்னு சொன்னே. ரெண்டுக்கும் ஒரே வேகம். அதே பிள்ளைங்க, அதே கம்பி, அதே தெரு. நோன்பு முடிஞ்சப்புறமும் எச்சில் குறைஞ்சே இருந்தா உன் தூசி ஜெயிச்சுது. ஏறிடுச்சுன்னா தோத்துது. எடுத்துப் பார்க்காம எதையும் சொல்லாதே. நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதறேன், பெற்றோர் கையெழுத்தை நீ வாங்கு."

"டெல்லி, சார்?"

"அது உன் பேர்ல போற காகிதம். நீயே முடிவு பண்ணு."

அன்றைக்குச் சாயந்திரம் ஐந்து மணிக்கு அவள் ஆய்வகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுருக்கம் தயாராகத் திரையில் இருந்தது. ஐந்து ஐந்துக்கு அதை அனுப்பாமலே மூடினாள். அழவில்லை என்று சொன்னால் பொய்.

வீட்டில் லட்சுமணன் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு இருமினார். இருமி முடித்துவிட்டு, "அப்ப இந்தத் தூசி நல்லதுன்னு சொல்றியா?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே கோபம்.

"அது இன்னும் தெரியல நைனா. ரம்ஜான் பெருநா முடிஞ்சு எண்ணிப் பாக்கணும். அதுல தோத்தாலும் தூசி நல்லதுன்னு ஆயிடாது. இந்தக் கேஸ்ல மாட்டலன்னுதான் அர்த்தம்."

"ஊர் பூரா சொல்லி வச்சிட்டேனேடி. பேஜாராப் பூடுச்சே."

"எனக்கு மட்டும் இன்னா, ஜாலியாவா கீது?"

அவர் பாயை உதறிப் போட்டார். அதில் உட்கார்ந்துகொண்டு, "எண்ணும்போது ஒழுங்கா எண்ணு" என்றார்.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் காலை. பள்ளிக்கூடத்திலிருந்து வேன் வந்து நின்றது. ஜெனி கீழேயிருந்து "உன் ஆளுங்க வந்தாச்சு" என்று கத்தினாள். இந்தத் தடவை எச்சில் வாங்கும் இடத்தில் தானும் நிற்பேன் என்று செங்கொடி அடம்பிடித்து அனுமதி வாங்கியிருந்தாள். நம்பரை மறைத்து எண்ணும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. பதினொரு பிள்ளைகளும் பெருநாள் உடுப்பைக் கழற்ற மனசில்லாமல் அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஜிகினா வைத்த ஃபிராக், விறைத்த ஜிப்பா. எல்லா வாயிலும் கம்பி பளபளத்தது. இரண்டாம் நம்பருக்குத் தெற்றுப்பல் என்பதும் ஒன்பதாம் நம்பர் ஓயாமல் பேசுகிறவன் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, எப்ப தண்ணி குடிச்சீங்க, மணி சொல்லணும்" என்றாள். புதுப் படிவத்தில் அந்த இடம் பெரிதாக இருந்தது.

"ஏழரைக்குக்கா. எங்க வூட்டுல இன்னும் பிரியாணி..." என்று ஒவைஸ் ஆரம்பித்தான்.

"பேசாத! அந்தப் பேச்சே கூடாது!" என்று செங்கொடி பாய்ந்தாள். பிரியாணி என்று சொன்னாலே வாய் ஊறும். ஊறினால் கணக்கு கெட்டுவிடும். பத்து நிமிடம் யாரும் சோற்றைப் பற்றிப் பேசக்கூடாது, நினைக்கவும் கூடாது என்று உத்தரவு போட்டாள். நினைக்காதே என்று சொன்ன உடனே பதினொரு முகத்திலும் பிரியாணி தெரிந்தது. ஜெனி தலையில் அடித்துக்கொண்டு, கதவை மூடி, கணக்குப் பாடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்தபோது எல்லோருக்கும் பிரியாணி நன்றாகவே மறந்திருந்தது.

சுஃபியான் முதலில் உட்கார்ந்தான். செங்கொடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: குழாய் பாதியிலேயே நின்றுவிடாதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. நின்றால் தூசிதான். நின்றால் அடுத்த வருட டெல்லி. அப்பா பிளாக்கில் தலை நிமிர்ந்து நடப்பார். முதல் நிமிடம் மெதுவாக வந்தது. ஐந்தாவது நிமிடம் முடிந்தபோது குழாயில் ஒன்று தொண்ணூறு.

லுப்னா, இரண்டு. ஒவைஸ், இரண்டு பத்து. அவன் எழுந்து நின்று எல்லோருக்கும் குழாயைக் காட்டினான். நாலாவது குழாய், ஐந்தாவது குழாய். ஆறாவது குழாய்க்கு மேல் அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் கட்டிய கோட்டை ஐந்து ஐந்து நிமிடமாகக் கரைந்துகொண்டிருந்தது, அவளோ ஒவ்வொரு குழாய்க்கும் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்க் குனிந்துகொண்டிருந்தாள். எட்டாவது குழாயில் தன்னை அறியாமல் கைதட்டினாள். இப்படியா, இவ்வளவு சுத்தமாகவா ஒரு விஷயம் தெரியவரும்! அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியில் ஒரு கேள்விக்கு இத்தனை நேராகப் பதில் கிடைத்ததே இல்லை.

கடைசியாக உமைமா வந்து உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள். மற்ற பத்துப் பேரும் விதியை மறந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஒரு நிமிடத்தில் அரை மில்லி. இரண்டரை நிமிடத்தில் ஒன்று. அன்றைக்கு இதே வாயிலிருந்து ஐந்து நிமிடத்தில் வராத ஒன்று. தெளிவாக, நுரையில்லாமல், சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. நாலாவது நிமிடம் முடிகிறபோது இரண்டு கோட்டைத் தொட்டது. உமைமா குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி, போதுமா என்று பார்த்தாள்.

"இன்னும்! இன்னும் வா!" என்று செங்கொடி கத்தினாள். "வுடாத, இன்னும் ஒரு நிமிஷம் கீது!"

"பேசாதன்னு நீதானேடி சொன்னே" என்றாள் ஜெனி.

அது அவள் காதில் விழவில்லை. பத்துப் பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து இன்னும், இன்னும் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். குழாயில் இரண்டரைக் கோடு நனைந்தது.